ஒரு லிங்க், ஒரு வரிசை, ஐந்து மில்லி நொடி

நெட்வொர்க் சிமுலேஷன், அதாவது நிஜ நெட்வொர்க்குக்குப் பதில் அதன் நடையைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது, தொடங்கப்போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த சிமுலேட்டரைப் படிப்பது என்பதுதான். என்எஸ்-3-ஆ, ஓம்நெட்++-ஆ? இரண்டுமே படிப்புக்கும் ஆய்வுக்கும் காசில்லாமல் கிடைக்கின்றன. இரண்டும் சி++-இல் எழுதப்பட்டவை, இரண்டின் பின்னாலும் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. டிசிபி (தகவல் போய்ச் சேர்வதை உறுதிசெய்து, அனுப்பும் வேகத்தையும் கட்டுப்படுத்தும் விதிமுறை), வைஃபை ஆகியவற்றின் உள் நுணுக்கம் வேண்டும் என்றால் என்எஸ்-3 பக்கம் போகலாம். பாக்கெட் (தகவலின் சிறு துண்டு) ஓடுவதைத் திரையில் படமாகப் பார்த்துக்கொண்டே புரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஓம்நெட்++ வசதி. இப்படிப் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு போனவர்கள் மூன்று மாதம் கழித்துக் கொண்டுவரும் கிராஃப்களைப் பார்த்தால் மனசு ஒப்புவதில்லை. கோடு அழகாக இருக்கும், அச்சுகளில் பெயர் இருக்கும், இரண்டு முறைகளில் எது சிறந்தது என்ற முடிவும் இருக்கும். அந்தக் கோட்டில் ஏதாவது ஒரு புள்ளியைத் தொட்டு, "இந்த எண் ஏன் இவ்வளவு?" என்று கேட்டால் பதில் வராது.

சிமுலேட்டரில் எதைப் போட்டாலும் ஒரு எண் வெளியே வரும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. கம்பைலர் தப்பைச் சொல்லும், சிமுலேட்டர் சொல்லாது. பஃபரை (பாக்கெட்டுகள் தங்கும் இடத்தின் அளவை) மாற்ற மறந்திருந்தாலும், சராசரி கேட்கும் இடத்தில் வேகத்தைக் கொடுத்திருந்தாலும், பத்து நொடியில் ஓட்டத்தை நிறுத்தியிருந்தாலும் அது முகம் சுளிக்காமல் ஒரு எண்ணைக் கொடுக்கும். அதனால் என் பதில் இது: முதல் ஒரு வாரம் இரண்டு சிமுலேட்டரும் வேண்டாம். ஒரே ஒரு லிங்க், அதன் முன்னால் ஒரே ஒரு வரிசை. அதற்கான சிமுலேட்டரைப் பைத்தானில் நீங்களே எழுதுங்கள். விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கு அது. உங்கள் புரோகிராம் அந்த விடையைக் கொடுக்கும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

கடிகாரமும் பட்டியலும்

டிஸ்க்ரீட் ஈவென்ட் சிமுலேஷன் என்ற பெரிய பெயருக்குள் இருப்பவை மூன்றே பொருள்கள்: ஒரு கடிகாரம், நேர வரிசைப்படி அடுக்கிய நிகழ்வுப் பட்டியல், ஒவ்வொரு நிகழ்வுக்கும் செய்ய வேண்டிய வேலை. பட்டியலில் மிகச் சிறிய நேரம் கொண்ட நிகழ்வை எடு, கடிகாரத்தை அந்த நேரத்துக்கு நகர்த்து, வேலையைச் செய். அந்த வேலை புதிய நிகழ்வுகளைப் பட்டியலில் சேர்க்கலாம். பிறகு மறுபடியும் எடு. அவ்வளவுதான் சுழற்சி. கடிகாரம் நொடி நொடியாக நகராது, நிகழ்விலிருந்து நிகழ்வுக்குத் தாவும். இடையில் எதுவும் மாறுவதில்லை என்பதால் அங்கே கணக்குப் போட ஒன்றும் இல்லை. ஓஸ்லோவில் நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் 1960-களில் சிமுலா மொழியை உருவாக்கியது இந்த வேலைக்காகத்தான். இன்று எல்லா மொழிகளிலும் இருக்கும் கிளாஸ், ஆப்ஜெக்ட் எல்லாம் அங்கிருந்து வந்தவை.

நம்முடைய கணக்குக்கு வருவோம். லிங்க்கின் வேகம் 10 எம்பிபிஎஸ். பாக்கெட்டின் சராசரி அளவு 1250 பைட், அதாவது 10,000 பிட். ஆக ஒரு பாக்கெட்டை அனுப்பச் சராசரியாக 1 மில்லி நொடி ஆகும். அளவுகள் எக்ஸ்போனென்ஷியல் பரவலில் (சிறியவை நிறைய, பெரியவை அரிது) அமையட்டும். நொடிக்குச் சராசரியாக 800 பாக்கெட் பாய்சான் முறையில், அதாவது இடைவெளிகளும் எக்ஸ்போனென்ஷியலாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வரட்டும். லிங்க் நூற்றுக்கு எண்பது பங்கு நேரம் வேலையாக இருக்கும். வரிசைக்கு நீள வரம்பு இல்லை.

இதற்கு இரண்டே வகை நிகழ்வு போதும். வருகை நிகழ்வில் முதலில் அடுத்த வருகையைப் பட்டியலில் போட வேண்டும். பிறகு இந்தப் பாக்கெட்டின் அளவைத் தீர்மானித்து, வந்த நேரத்தை அதன்மேல் குறிக்க வேண்டும். லிங்க் சும்மா இருந்தால் அதை "வேலையில் இருக்கிறது" என்று மாற்றி, இப்போதைய நேரத்தோடு அளவை வேகத்தால் வகுத்ததைக் கூட்டி, அந்த நேரத்துக்குப் புறப்பாடு நிகழ்வைப் போட வேண்டும். லிங்க் சும்மா இல்லையென்றால் பாக்கெட் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். புறப்பாடு நிகழ்வில், போகும் பாக்கெட்டின் தாமதத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வரிசையில் யாராவது இருந்தால் முதல் ஆளை எடுத்து அதன் புறப்பாட்டைப் போட வேண்டும், இல்லாவிட்டால் லிங்க்கைச் சும்மா என்று மாற்ற வேண்டும். வருகைகள் அனைத்தையும் தொடக்கத்திலேயே பட்டியலில் கொட்டி வைப்பவர்கள் உண்டு. விடை தப்பாகாது, ஆனால் பத்து லட்சம் பாக்கெட்டுக்கு நினைவகம் வீணாக நிரம்பும், பட்டியலில் ஒவ்வொரு செருகலும் மெதுவாகும். ஒரு வருகை அடுத்த வருகையைப் பெற்றெடுக்கட்டும்.

பட்டியலுக்குப் பைத்தானின் ஹீப்கியூ (மிகச் சிறியதை முதலில் எடுத்துத் தரும் தொகுப்பு) போதும். அதில் நேரம், வேலை என்று இரண்டை மட்டும் சேர்த்துப் போட்டால், ஒரே நேரத்துக்கு இரண்டு நிகழ்வு வரும் நாளில் புரோகிராம் பிழை சொல்லி நின்றுவிடும். நேரம் சமமானதும் பைத்தான் அடுத்ததாக இரண்டு ஃபங்ஷன்களை ஒப்பிடப் பார்க்கும், அவற்றை ஒப்பிட வழியில்லை. நடுவில் ஒரு தொடர் எண்ணை வையுங்கள், ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகட்டும். பிழை போவதோடு, ஒரே நேர நிகழ்வுகள் பட்டியலில் சேர்ந்த வரிசையிலேயே நடக்கும் என்ற உத்தரவாதமும் கிடைக்கும். என்எஸ்-3 உள்ளே செய்வதும் இதேதான். இந்த வரிசை நிலையாக இல்லாவிட்டால், அதே புரோகிராம் அதே உள்ளீட்டுக்கு வேறு விடை தரத் தொடங்கும், பிழை தேடவே முடியாது.

நேரத்தை முழு எண்ணாக வைப்பது நல்லது. 0.1-ஐ மூன்று முறை கூட்டினால் கணினியில் 0.3 வருவதில்லை. ஒரே கணத்தில் நடக்க வேண்டிய இரண்டு நிகழ்வுகள் கடைசி பிட்டில் வேறுபட்டு, எது முதலில் என்பதை அந்தப் பிட் தீர்மானித்துவிடும். என்எஸ்-3 வழக்கமாக நேரத்தை நேனோ நொடிகளாக 64 பிட் முழு எண்ணில் வைக்கிறது, ஓம்நெட்++ பிக்கோ நொடிகளாக. நீங்களும் நேனோ நொடியில் வையுங்கள். டைமர்களை ரத்து செய்வது பின்னால் டிசிபி எழுதும்போது தேவைப்படும். ஹீப்பின் நடுவிலிருந்து உருவி எடுக்க முயல வேண்டாம். "ரத்து" என்று ஒரு குறி போட்டுவிட்டு, அதன் முறை வரும்போது கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனால் போதும்.

ரேண்டம் எண்களில் மூன்று விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, எக்ஸ்போனென்ஷியல் எண்ணைக் கேட்கும்போது எதைக் கொடுக்கிறீர்கள் என்பது. பைத்தானின் ரேண்டம் தொகுப்பில் இருக்கும் எக்ஸ்போவேரியேட் வேகத்தை (நொடிக்கு எத்தனை என்பதை) கேட்கும், அதாவது 800. பைத்தானின் நம்பை என்ற கணக்குத் தொகுப்பில் இருக்கும் எக்ஸ்போனென்ஷியல் சராசரியைக் கேட்கும், அதாவது 800-இல் ஒரு பங்கு. என்எஸ்-3-ம் சராசரியைத்தான் கேட்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இங்கே சறுக்காதவர்கள் குறைவு. இரண்டாவது, வருகை இடைவெளிக்கு ஒரு ஜெனரேட்டர், பாக்கெட் அளவுக்கு வேறொரு ஜெனரேட்டர் என்று பிரித்து வையுங்கள். நாளைக்கு வரிசை விதியை மாற்றி ஒப்பிடும்போது, இரண்டு முறைக்கும் அதே பாக்கெட்டுகள் அதே நேரத்தில் வந்தால்தான் வேறுபாடு விதியால் வந்தது என்று சொல்ல முடியும். மூன்றாவது, பாக்கெட்டின் அளவை அது வரும்போதே தீர்மானியுங்கள். அனுப்பும்போது தீர்மானித்தால், வரிசை மாறியதும் எண்கள் வேறு பாக்கெட்டுக்குப் போய்விடும்.

நாலரை, ஆறு, நாலேகால்

கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் ஏ. கே. எர்லாங் நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கி வைத்த வரிசைக் கணக்கில், நம்முடைய லிங்க்குக்கு எம்/எம்/1 என்று பெயர் (இடைவெளியும் அனுப்பும் நேரமும் எக்ஸ்போனென்ஷியல், லிங்க் ஒன்று). ஒரு பாக்கெட் வந்ததிலிருந்து முழுவதும் அனுப்பி முடியும்வரை சராசரித் தாமதம் என்ன என்பதற்குச் சூத்திரம் மிகச் சிறியது: நொடிக்கு 1000 பாக்கெட் அனுப்ப முடியும், 800 வருகின்றன, வித்தியாசம் 200, அதன் தலைகீழ் 5 மில்லி நொடி. இதில் 1 மில்லி நொடி அனுப்பும் நேரம், 4 மில்லி நொடி வரிசையில் காத்திருக்கும் நேரம்.

இப்போது புரோகிராமை 10 நொடிக்கு ஓட்டுங்கள். 10 நொடி என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். பாடப் பயிற்சிகளிலும் எடுத்துக்காட்டுகளிலும் எங்கு பார்த்தாலும் சிமுலேஷன் நேரம் 10 நொடியாகத்தான் இருக்கும், அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆய்வுக்கும் பயன்படுத்துகிறார்கள். 10 நொடியில் சுமார் 8,000 பாக்கெட் போகும். விடை 5 வராது. ஒரு முறை நாலரை வரலாம், ரேண்டம் விதையை (ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கி வைக்கும் எண்ணை) மாற்றினால் ஆறு வரலாம், இன்னொரு முறை நாலேகால். புரோகிராமில் பிழை இருக்கிறது என்று தோன்றும். ஒருவேளை இருக்கவும் செய்யலாம், ஆனால் இந்த எண்களை வைத்து அதைச் சொல்ல முடியாது. சிமுலேஷனைக் கற்றுக்கொள்வது உண்மையில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். இங்கே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் நஷ்டமில்லை.

8,000 மாதிரி இருக்கிறதே, சராசரி இவ்வளவு ஆடலாமா? பள்ளியில் படித்த புள்ளியியல்படி பார்த்தால் ஆடக்கூடாது. காத்திருப்பின் நியமவிலக்கம் சுமார் 4.9 மில்லி நொடி. அதை 8,000-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.055. ஆக 95 சதவீத நம்பிக்கையில் விடை 4-லிருந்து 0.11-க்கு மேல் விலகக்கூடாது. ஆனால் அந்தச் சூத்திரம், மாதிரிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று நம்பி எழுதப்பட்டது. வரிசையில் நிற்கும் பாக்கெட்டுகளுக்கு அது பொருந்தாது. எனக்கு முன்னால் நின்றவர் பத்து மில்லி நொடி காத்திருந்தார் என்றால் நானும் ஏறக்குறைய அவ்வளவு காத்திருப்பேன், எனக்குப் பின்னால் வருபவரும் அப்படியே. ஒரு நெரிசல் வந்தால் நூற்றுக்கணக்கான பாக்கெட்டுகள் சேர்ந்தே தாமதமாகின்றன. 8,000 மாதிரி என்று நாம் எண்ணுவது, தகவலைப் பொறுத்தவரை நூறு மாதிரிக்குச் சமம். இந்தத் தொடர்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 80 சதவீதச் சுமையில் உண்மையான பிழை பள்ளிச் சூத்திரம் சொல்வதைப் போல 9 மடங்கு. 0.055 அல்ல, 0.5. அதாவது 10 நொடி ஓட்டத்தின் காத்திருப்பு 4 கூட்டல் கழித்தல் 1 மில்லி நொடி. இரண்டு முறைகளை ஒப்பிட்டு, ஒன்று மற்றொன்றைவிட 15 சதவீதம் மேல் என்று ஒரே ஒரு 10 நொடி ஓட்டத்தை வைத்துச் சொல்பவர், ரேண்டம் விதையைத்தான் ஒப்பிட்டிருக்கிறார்.

பிழையை 2 சதவீதத்துக்குக் கொண்டுவர 12 லட்சம் பாக்கெட் வேண்டும். சிமுலேஷன் நேரத்தில் இது 25 நிமிடம். பைத்தானில் சில நொடி வேலைதான், தயங்க ஒன்றுமில்லை. சுமையை 95 சதவீதமாக உயர்த்துங்கள். சூத்திரப்படி தாமதம் 20 மில்லி நொடி, அதில் காத்திருப்பு 19. அதே 2 சதவீதத் துல்லியத்துக்கு இப்போது 1.6 கோடி பாக்கெட் தேவை, கிட்டத்தட்ட 4 மணி 45 நிமிட சிமுலேஷன் நேரம். சுமை 1-ஐ நெருங்க நெருங்கத் தேவையான நீளம் வெடித்துக்கொண்டு மேலே போகும். கிராஃபில் வலது ஓரத்தில், நெரிசல் அதிகமுள்ள பக்கத்தில்தான் எல்லோருக்கும் ஆர்வம். எல்லாப் புள்ளிக்கும் ஒரே நீளம் ஓட்டுபவர்களுக்கு அந்த ஓரத்துப் புள்ளிதான் எல்லாவற்றிலும் மோசமாக இருக்கும்.

பிழையை அளப்பதற்கு எளிய வழி, தனித்தனி ஓட்டங்கள். வேறு வேறு ரேண்டம் எண் வரிசைகளோடு (ஓடைகளோடு) 10 முறை ஓட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஒரு சராசரியை மட்டும் எடுங்கள். இந்த 10 எண்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, பள்ளிச் சூத்திரம் இவற்றுக்குச் செல்லும். நியமவிலக்கத்தை 10-இன் வர்க்கமூலத்தால் வகுத்து 2.262-ஆல் பெருக்கினால் 95 சதவீத எல்லை. 1.96 போடாதீர்கள், அது மாதிரிகள் ஏராளமாக இருக்கும்போது வரும் எண். ஒவ்வொரு ஓட்டமும் காலி வரிசையோடு தொடங்குவதால் தொடக்கப் பகுதி தாமதத்தைக் குறைத்துக் காட்டும், அதை வெட்டி எறிய வேண்டும். 80 சதவீதச் சுமைக்கு முதல் 5 நொடி போதும், 95-க்கு 30 நொடி எடுங்கள். வேறு அமைப்புகளுக்கு எவ்வளவு என்பதை, 10 ஓட்டங்களின் சராசரியை நேரத்துக்கு எதிராக வரைந்து, கோடு எங்கே ஏறுவதை நிறுத்துகிறது என்று கண்ணால் பார்த்தே முடிவு செய்யலாம். ஏறுவதோ இறங்குவதோ நிற்கவே நிற்காத அமைப்புகளும் உண்டு. ரேண்டம் வேபாயிண்ட் நகர்வில் (ஒவ்வொரு மொபைல் நோடும் ஏதோ ஓர் இடத்தையும் வேகத்தையும் ரேண்டமாகத் தேர்ந்து அங்கே போய், மறுபடியும் தேர்வது) வேகத்தைப் பூஜ்யத்திலிருந்து நொடிக்கு 20 மீட்டர் வரை சமவாய்ப்பில் எடுத்தால், மெதுவாகப் போகிறவை நீண்ட காலம் மெதுவாகவே போய்க்கொண்டிருப்பதால் மொத்தச் சராசரி வேகம் குறைந்துகொண்டே பூஜ்யத்தை நோக்கிப் போகும். 2003-இல் யூன், லியூ, நோபிள் மூவரும் இதைக் காட்டும்வரை ஏராளமான ஆய்வுகள் அந்த அமைப்போடுதான் ஓடின. குறைந்தபட்ச வேகத்தைப் பூஜ்யத்துக்கு மேலே வைத்தால் சரியாகிவிடும்.

5 வந்துவிட்டதா? இன்னும் இரண்டு சோதனைகள் பாக்கி. லிங்க்கிலும் வரிசையிலும் சேர்த்துச் சராசரியாக எத்தனை பாக்கெட் என்பதைத் தனியாக அளந்து பாருங்கள். லிட்டில் விதிப்படி (உள்ளே இருப்பவை = வரும் வேகம் × தாமதம்) 800-ஐ 0.005-ஆல் பெருக்கினால் 4 வர வேண்டும். உங்களுக்கு 4.5 வருகிறது என்றால் தப்பு எங்கே என்று இங்கிருந்தே சொல்லலாம்: ஒவ்வொரு நிகழ்வின்போதும் எண்ணிக்கையைக் குறித்துச் சராசரி எடுத்திருக்கிறீர்கள். வருகைக்குப் பிறகு சராசரி 5, புறப்பாட்டுக்குப் பிறகு 4, இரண்டும் சேர்ந்து நாலரை. ஒவ்வொரு எண்ணிக்கையும் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதால் பெருக்கிக் கூட்டி, மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். அடுத்து, பாக்கெட் அளவு எல்லாவற்றையும் 1250 பைட் என்று நிலையாக்குங்கள், ஒரே வரி மாற்றம். காத்திருப்பு சரிபாதியாகக் குறைந்து மொத்தம் 3 மில்லி நொடி வர வேண்டும். 5-ம் 4-ம் 3-ம் வந்த புரோகிராமை நம்பலாம்.

என்எஸ்-3-க்குள் நுழையும்போது

இதற்குப் பிறகு என்எஸ்-3-ஐ இறக்கி, எடுத்துக்காட்டுகளையும் சேர்த்து பில்ட் செய்யுங்கள். கற்றுக்கொள்ளும்போது டீபக் பில்ட்டே இருக்கட்டும், ஆப்டிமைஸ்டு பில்ட்டில் லாக் வரிகள் வராது. நீண்ட ஓட்டங்களுக்கு மட்டும் அதற்கு மாறுங்கள். பயிற்சி நூலின் முதல் எடுத்துக்காட்டில் இரண்டு நோடுகள், இடையில் 5 எம்பிபிஎஸ் லிங்க், 2 மில்லி நொடி பயணத் தாமதம். 2-ஆம் நொடியில் ஒரு நோடு 1024 பைட் அனுப்புகிறது. மறுபக்கம் 2.00369 நொடியில் வந்து சேர்ந்தது என்று திரையில் வரும். பெரும்பாலானோர் "ஓடிவிட்டது" என்று அடுத்த எடுத்துக்காட்டுக்குப் போய்விடுகிறார்கள். போக வேண்டாம், அந்த 0.00369 எப்படி வந்தது என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 1024 பைட்டோடு ஒவ்வொரு அடுக்கும் ஒட்டும் தலைப்புகளைச் சேருங்கள்: யுடிபி 8, ஐபி 20, பிபிபி 2, ஆக 1054 பைட். பிட்டில் 8,432. அதை 50 லட்சத்தால் வகுத்தால் 1.6864 மில்லி நொடி. பயணத் தாமதம் 2 சேர்த்தால் 3.6864. திரும்பி வரும் பதிலுக்கும் அதே கணக்கு, அதனால் 2.00737. கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகும். 1024-ஐ மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒத்துப்போகாது. அந்தச் சின்ன வித்தியாசத்தைத் தேடிப் பிடித்தவருக்கு என்எஸ்-3 எந்த அடுக்கில் எதை ஒட்டுகிறது என்பது மறக்காது.

அடுத்து நம்முடைய லிங்க்கை இதில் கட்டுங்கள். எக்ஸ்போனென்ஷியல் அளவு இங்கே சரிவராது: சராசரி 1250 என்றால் 30 சதவீதப் பாக்கெட்டுகள் 1500 பைட்டைத் தாண்டும், ஐபி அவற்றைத் துண்டாக்கிவிடும். நிலையான அளவையே எடுங்கள். யுடிபிக்கு 1220 பைட் கொடுத்தால் 30 பைட் தலைப்போடு லிங்க்கில் சரியாக 1250. ஐந்தாம் எடுத்துக்காட்டில் இருக்கும் சிறிய அப்ளிகேஷன், அடுத்த பாக்கெட்டுக்கான இடைவெளியைத் தானே கணக்கிட்டுத் தன்னைத்தானே பட்டியலில் போட்டுக்கொள்ளும். அந்த ஒரு வரியில் எக்ஸ்போனென்ஷியல் இடைவெளியைப் போட்டு, டிசிபி சாக்கெட்டுக்குப் பதில் யுடிபி சாக்கெட்டைக் கொடுங்கள். அனுப்பிய நேரத்தைப் பாக்கெட்டில் டேக்காக (சிமுலேட்டருக்கு மட்டும் தெரியும் குறிப்பாக) ஒட்டலாம், டேக் லிங்க்கில் இடம் பிடிக்காது. பயணத் தாமதத்தைப் பூஜ்யமாக்குங்கள். எதிர்பார்க்கும் விடை 3 மில்லி நொடி.

சுமையை மிக உயர்த்தும்போது சூத்திரத்தின் விடை வராமல் போக ஒரு காரணம் காத்திருக்கிறது. இடைமுகத்துக்கு ஐபி முகவரி கொடுத்த உடனேயே என்எஸ்-3 அதன் மேல் எஃப்க்யூ-கோடெல் என்ற, தாமதத்தைக் கட்டுப்படுத்தும் வரிசையைத் தானாகவே பொருத்திவிடும். கீழே டிவைஸுக்குச் சொந்தமாக இன்னொரு வரிசை. ஆக வரிசைகள் இரண்டு, நீங்கள் எழுதியது ஒன்றுகூட இல்லை. கீழே இருப்பது நிரம்பி, மேல் வரிசையில் தாமதம் 5 மில்லி நொடிக்கு மேல் 100 மில்லி நொடி நீடித்தால் அது பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கும். மேல் வரிசையைக் கழற்றிவிட்டு, டிவைஸ் வரிசையின் 100 பாக்கெட் வரம்பை உயர்த்துங்கள்.

டிசிபிக்குப் போனால் இதைவிடப் பெரிய குழி. 100 எம்பிபிஎஸ் லிங்க், போய்வர 100 மில்லி நொடி. ஓட்டினால் 10 எம்பிபிஎஸ்ஸைச் சுற்றியே நின்றுவிடும், எந்த நெரிசல் கட்டுப்பாட்டு முறையைப் போட்டாலும் அதே. முறைகளுக்குள் வேறுபாடு இல்லை என்று எழுதிவிடும் அபாயம் இங்கே உண்டு. அனுப்பும் பஃபரும் பெறும் பஃபரும் வழக்கமாக 1,31,072 பைட். ஒரு போய்வரவுக்கு அதற்குமேல் அனுப்ப முடியாது, 8-ஆல் பெருக்கி 0.1-ஆல் வகுத்தால் 10.5 எம்பிபிஎஸ். இந்தப் பாதையை நிரப்ப 12.5 லட்சம் பைட் வேண்டும், பஃபரை அதற்கு மேலே வையுங்கள். செக்மென்ட் (டிசிபி ஒரு பாக்கெட்டில் வைக்கும் தகவல்) அளவும் வழக்கமாக 536 பைட்தான், ஈதர்நெட்டில் நாம் பழகிய 1460 இல்லை.

ரேண்டம் விஷயத்தில் என்எஸ்-3-இன் இயல்பு நிலை விதை 1, ரன் 1. எதையும் மாற்றாமல் பத்து முறை ஓட்டினால் பத்து முறையும் ஒரே எண் வரும். அதை "முடிவு நிலையாக இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. விதையைத் தொடாமல் ரன் எண்ணை மட்டும் 1, 2, 3 என்று மாற்றுங்கள். உள்ளே இருக்கும் லெக்குயேயின் ஜெனரேட்டர் ஒவ்வொரு ரன்னுக்கும் ஒன்றன்மேல் ஒன்று படியாத தனி ஓடையைக் கொடுக்கும்.

மிகவும் ஒழுங்காக இருந்தால்

நிஜ நெட்வொர்க்கில் கிடைக்காத ஒழுங்கு சிமுலேட்டரில் இருக்கிறது, அதிலிருந்து வரும் கோளாறு கண்ணில் படுவது கடினம். ஒரு லிங்க் சரியாக 1 மில்லி நொடிக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது, அதன் வரிசை நிரம்பியிருக்கிறது. இரண்டு பேர் ஆளுக்கு 1 மில்லி நொடிக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறார்கள். லிங்க்கிலிருந்து பாக்கெட் புறப்பட்டு 0.1 மில்லி நொடி கழித்து முதலாமவரின் பாக்கெட் வரும், 0.6 கழித்து இரண்டாமவருடையது. ஒவ்வொரு மில்லி நொடியும் ஒரு இடம் காலியாகும், முதலாமவர் அதைப் பிடிப்பார், இரண்டாமவர் வரும்போது வரிசை நிறைந்திருக்கும். முதலாமவருக்கு இழப்பு பூஜ்யம், இரண்டாமவருக்கு நூறு சதவீதம், சிமுலேஷன் முடியும்வரை. இரண்டாமவரின் பாதையை 0.55 மில்லி நொடி குறைத்து, அவர் முதலில் வரும்படி செய்தால் எல்லாம் தலைகீழ். சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் 1990-களின் தொடக்கத்தில் டிசிபி ஓட்டங்களில் இதே விளைவைக் காட்டினார்கள்: போய்வரும் நேரத்தில் சிறு மாற்றம் செய்தாலே யாருக்கு எவ்வளவு அலைவரிசை என்பது தலைகீழாக மாறியது. ஒரு முறை மற்றொன்றைவிட நியாயமற்றது என்று இதைப் பார்த்து முடிவு கட்டிவிட முடியும். ஒவ்வொரு மூலத்தின் தொடக்க நேரத்தையும் ரேண்டமாகத் தள்ளுங்கள், ஒரு பாக்கெட்டை அனுப்பும் நேரம் அளவுக்குள் ஒரு சிறு ரேண்டம் தாமதத்தை அனுப்புபவரிடத்தில் சேருங்கள். ஒரே நேர நிகழ்வுகளின் வரிசையைப் பற்றி முன்பு சொன்னதும் இங்கே வந்து சேருகிறது. பட்டியலில் முதலில் சேர்ந்தவர் எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது லிங்க்

இவ்வளவு நேரம் விடை தெரிந்த கணக்குகளையே போட்டுக்கொண்டிருந்தோம். சூத்திரம் இருக்கும்போது சிமுலேஷன் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. உங்கள் பைத்தான் புரோகிராமுக்குத் திரும்பி, முதல் லிங்க்கின் புறப்பாட்டை அதே வேகமுள்ள இரண்டாவது லிங்க்கின் வருகையாக்குங்கள். அளவு மறுபடியும் எக்ஸ்போனென்ஷியலாகவே இருக்கட்டும். இரண்டாவது லிங்க்கில் நுழையும்போது பாக்கெட்டுக்குப் புதிதாக ஒரு அளவைக் கொடுத்தால் மொத்தத் தாமதம் 5-ம் 5-ம் கூட்டி 10 மில்லி நொடி வரும், சூத்திரமும் அதையே சொல்லும். லெனார்ட் கிளைன்ராக் 1960-களின் தொடக்கத்தில் எம்ஐடியில் தகவல் நெட்வொர்க்குகளுக்குக் கணக்குப் போட்டபோது எடுத்துக்கொண்ட அனுமானம் இதுதான், அது இல்லாமல் கணக்கு நகராது. ஆனால் நிஜத்தில் எந்தப் பாக்கெட்டும் ரவுட்டரைத் தாண்டும்போது அளவை மாற்றிக்கொள்வதில்லை.

இப்போது அளவை மாற்றாமல், வந்த அளவோடே இரண்டாவது லிங்க்குக்குப் போகவிடுங்கள். 10 வருவது நின்றுவிடும். பாக்கெட்டுகளை அளவு வாரியாகப் பிரித்து, இரண்டாவது வரிசையில் ஒவ்வொரு பிரிவும் எவ்வளவு காத்திருந்தது என்று தனித்தனியாகச் சராசரி எடுத்துப் பாருங்கள். நீளமான பாக்கெட்டுகள் குறைவாகக் காத்திருக்கும், குட்டிப் பாக்கெட்டுகள் அதிகமாக. நீளமானது முதல் லிங்க்கைக் கடந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் இரண்டாவது வரிசை காலியாகிக்கொண்டிருக்கிறது. குட்டிப் பாக்கெட்டோ முன்னால் போன நீளமானதன் வாலைப் பிடித்தபடி வந்து அதன் பின்னாலேயே மாட்டிக்கொள்கிறது. மூன்றாவது லிங்க்கைச் சேர்த்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள், குறுக்கே வேறு போக்குவரத்து கலந்தால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். இங்கே ஒப்பிட்டுப் பார்க்கச் சுலபமான சூத்திரம் இல்லை, வேலை இதற்குமேல் உங்கள் புரோகிராமுடையது.